ஒன்பதாம் பக்கத்து ஆசாமிகள்

உயிரோடு இருக்கிற பெண்களின் வாழ்க்கை வரலாற்றைப் பிள்ளைகளுக்காக எழுதுவது என் தொழில். அதாவது, எழுதுவது கால்வாசி, அவர்கள் வீட்டு ஆட்களுக்குப் பதில் சொல்வது முக்கால்வாசி. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்து, அதில் மூன்றாவது சித்தப்பா பெயரை விட்டுவிட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் உட்கார மாட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடிவதில்லை.

திருச்சி வட்டாரத்தில் ஏதாவது ஒன்றை முதன்முதலாகச் செய்த பெண்கள் ஆறு பேர், ஆளுக்கு இருபத்துநான்கு பக்கம். ஐந்து புத்தகங்கள் எப்படியோ கரையேறிவிட்டன. ஆறாவது அச்சுக்குப் போகுமா போகாதா என்பது ஒரே ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்குத்தான் வரப்போகிறேன்.

பக்கக் கணக்கு

எங்கள் பதிப்பாளர் செல்வம் சாருக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கண்டக்டர்கள் கூவுவது அறைக்குள் வந்து விழும். அவரிடம் ஓர் அட்டவணை உண்டு. மூன்றாம் பக்கம் பிறப்பு, ஒன்பதாம் பக்கம் தடை, பதினொன்றாம் பக்கம் கைகொடுத்த நல்ல உள்ளம், இருபத்துமூன்றாம் பக்கம் பிள்ளைகளுக்கு அறிவுரை. யார் வாழ்க்கையாக இருந்தாலும் இந்தச் சட்டைக்குள் நுழைந்தாக வேண்டும்.

ஒன்பதாம் பக்கத்துத் தடை பெரும்பாலும் ஓர் ஆள். அந்த ஆள் அதே வீட்டில்தான் இருப்பார், எனக்குக் காபி கொண்டுவந்து வைப்பதே அவராக இருக்கும். இதில் இருக்கிற தர்மசங்கடத்தை விளக்கி, அட்டவணையை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். செல்வம் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேசாம செத்துப்போனவங்களைப் பத்தி எழுதுங்க மேடம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

பாலம் கட்டியவர்

சரி, அதையும் பார்ப்போம் என்று ஸ்ரீரங்கம் போனேன். எங்கள் பக்கத்தில் பாலம் கட்டும் வேலையை மேற்பார்த்த முதல் பெண் இன்ஜினீயர் வாழ்ந்த வீடு. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. பேங்கில் இருந்து ரிட்டயரான மகன் வரவேற்று உட்கார வைத்தார்.

மூன்று மணி நேரம் பேசினார். எந்த ஆற்றில் எந்தப் பாலம் என்று நான் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் புளியோதரைக்குப் போய்விடுவார். நான் நாலு தடவை எழுந்து நின்றேன், நாலு தடவையும் உட்கார வைத்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு, அம்மாவை யாராவது தடுத்தார்களா என்று நேராகவே கேட்டேன். எங்காத்தில் தடை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். பாலத்தின் மேல் அம்மா நிற்கிற மாதிரி ஒரு போட்டோவாவது கிடைக்குமா என்றதற்கு, பூஜை அறை முன்னால் நிற்கிற போட்டோவைக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கும்போது எனக்கு அந்த அம்மாவுக்காக ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஆறுதலாகச் சொன்னார்: "பாலம் யார் வேணா கட்டலாம் மேடம். தினம் ஏழு மணிக்குள்ள தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டு ஆபீஸ் போனாளே, அதை எழுதுங்கோ."

துண்டுக்குள் போகாத கை

மணப்பாறை மாட்டுச் சந்தையில் முதல் பெண் தரகர் பழனியம்மாள். சந்தையில் விலையை வாயால் பேசும் வழக்கமில்லை. தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகரான அப்பா காலை உடைத்துக்கொண்டு படுத்த வாரம், ஒத்துக்கொண்ட மாடுகளோடு மகள் வந்து நின்றார். ஒரு பொம்பளையின் கையைத் துண்டுக்குள் பிடிக்க எந்த ஆணும் முன்வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் விலையைச் சந்தைக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டார்.

சந்தை கொந்தளித்துவிட்டது. நாலு வாரம் அவரை உள்ளே விடவில்லை. ஐந்தாவது வாரம் மாடு விற்க வந்த விவசாயிகளே அவரைத் தேடி வாசலுக்கு வந்துவிட்டார்கள், தங்கள் மாட்டின் விலை தங்கள் காதில் விழட்டும் என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண் என்பதற்காக ஒதுக்கினார்கள் என்று ஒன்பதாம் பக்கத்தை மனசுக்குள் மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டேன். பழனியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு திருத்தினார்: "விலையைச் சத்தமாச் சொன்னதுக்குத்தாம்மா அம்புட்டுப் பேரும் சண்டைக்கு வந்தாங்க. நான் பொம்பளைங்கிறது அவங்களுக்கு அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு."

சாவி சவுதிக்குப் போன கதை

இப்போது ஆறாவது புத்தகம். பழைய டவுனில் மும்தாஜ் அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. அதனால் பல மணப்பெண்களுக்குத் தங்கள் கல்யாணத்தில் ஒரு நல்ல படம்கூட இல்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைந்த முதல் பெண் மும்தாஜ் அக்கா. இப்போது சொந்த ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்வது சவுதியிலிருந்து திரும்பிவிட்ட அண்ணன் ஷாஹுல் பாய்.

"முதல் கேமரா நான் வாங்கிக் குடுத்ததும்மா, லீவுல வந்தப்ப," என்று பாய் டீ கொண்டுவந்து வைத்தார். பதினொன்றாம் பக்கம் முடிந்தது என்று நானும் குறித்துக்கொண்டேன். அவர் அஸர் தொழுகைக்குக் கிளம்பிப் போனதும் அக்கா மெதுவாக மீதியைச் சொன்னார். கேமரா கொடுத்தது நிஜம். வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கொடுத்தது. அதை அக்கா பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அண்ணனுக்கு வந்த கோபத்தில் கேமரா பீரோவுக்குள் போய்விட்டது, சாவி சவுதிக்குப் போய்விட்டது. அண்ணன் திரும்பி வந்து பீரோவைத் திறந்தபோது லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. அதுவரை ஒரு மணப்பெண்ணின் அம்மா இரவல் கொடுத்த கேமராவை வைத்துத்தான் அக்கா ஒவ்வொரு கல்யாணமாக எடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அண்ணனும் தங்கையும் ஒருநாளும் எடுத்ததில்லையாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து கதவுவரை போய்த் திரும்பினேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன் படிக்கணும். அவங்க வேணாம்னு சொன்னா எனக்கு இந்தப் புத்தகமே வேணாம்."

ஆறாம் வகுப்பு

புரூஃப் எடுப்பதற்கு முன்னால் கதையை ஒரு வகுப்பில் வாசித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு. நான் கோழைத்தனமாக ஒரு காரியம் செய்திருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் 'உறவினர் ஒருவர் கேமராவைப் பூட்டி வைத்தார்' என்று எழுதியிருந்தேன்.

வாசித்த மறுநொடியே நாலு கைகள் உயர்ந்தன. உறவினர் என்றால் யார், மாமாவா, சித்தப்பாவா, பக்கத்து வீடா? இந்த வயசுப் பிள்ளைகளிடம் மழுப்ப முடியாது. அண்ணன் என்று ஒப்புக்கொண்டேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டு அண்ணனை நினைத்து முகத்தைச் சுளித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் புத்தகம் முடியும்வரை பொறுத்திருந்து, கடைசிப் பக்கத்து அறிவுரையைக் கொஞ்சமும் மதிக்காமல் கேட்டாள்: "மிஸ், அந்த அண்ணன் அப்புறமா வந்து சாரி கேட்டாரா?"

வெள்ளிக்கிழமை

பஸ்ஸில் வரும்போதே 'உறவினர்' என்பதை அடித்து 'அண்ணன்' என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வீட்டார் கையெழுத்துப் போட்ட புரூஃப் வராவிட்டால், ஆறாவது புத்தகமாகக் காலமான பெரியவர் ஒருவரின் கதையைப் போட்டுவிடுவதாகச் செல்வம் சார் சொல்லிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இத்தனை வருஷம் பேசாமலே சமாதானமாக இருந்த இரண்டு பேருக்கு நடுவில் என் இருபத்துநான்கு பக்கம் போய் விழுந்தால் என்ன ஆகும்? மும்தாஜ் அக்காவுக்குப் புத்தகம் கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, அண்ணன் இல்லாமல் போய்விடக் கூடாதே.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் ஸ்டுடியோவுக்கு வந்தார். புரூஃபைக் கொடுத்தேன். நாற்காலி போட்டார்கள், நான் உட்காரவில்லை. ஷோகேஸில் இருந்த குழந்தைப் படங்களை ஒன்று விடாமல் எண்ணினேன், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அக்கா ஏற்கெனவே பளபளவென்று இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். அப்புறம் பதினொன்றுக்குப் போனார், மறுபடி ஒன்பதுக்கு வந்தார். என்னிடம் பேனா கேட்டார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன்.

"கேமரா குடுத்ததைப் பின்னாடி போட்டிருக்கீங்க. பூட்டுனதை முன்னாடி போட்டிருக்கீங்க. படிக்கிற பிள்ளைங்க, பாய் திருந்தி வந்து கேமரா குடுத்தாருன்னுல்ல நினைக்கும்?" என்று என்னைப் பார்த்தார். அட்டவணைக்காக நான்தான் அப்படி மாற்றியிருந்தேன். பாயே மேலே சொன்னார்: "குடுத்தது முதல்ல. பூட்டுனது அப்புறம். நடந்தது அப்படித்தான். பதினொண்ணுல இரவல் குடுத்தாங்களே, அந்த அம்மாவைப் போடுங்க."

சொல்லிவிட்டு ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்தும் போட்டார். 'இரண்டு வருஷம் கேமரா பூட்டிக் கிடந்தது' என்ற வரி அது. அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தங்கை பக்கம் திரும்பவில்லை, என்னிடம்தான் சொன்னார்: "ரெண்டு வருசம் இல்லம்மா, ரெண்டு வருசம் நாலு மாசம். சாவி என் சட்டைப் பையிலதானே இருந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கித் தொலைத்தது. நான் புரூஃபை வாங்கிக்கொண்டு சத்திரம் வரை ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தடிக்க ஏழு நிமிஷம் இருந்தது.

ஆறு புத்தகம் எழுதியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: முன்னோடிப் பெண்களைத் தேடிப் போகிறவர்கள், அவர்களை வழிமறித்தவர்கள் கையில் ஒரு நல்ல பேனாவைக் கொடுத்துவிட்டு நகம் கடிக்காமல் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும், எனக்கு மட்டும் அது இன்னும் கைவரவில்லை.