மாடி அக்காவுக்கு வராத நோய்

தெருவில் எல்லோருக்கும் அவள் மாடி அக்காதான். கீழே அவள் குடியிருந்தாள்; மேலே வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விடுகிற இரண்டு அறைகள். கணவர் கண்மூடிய பிறகு அந்த அறைகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. வெளிநாட்டு மொழியில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் விருந்தாளிகளுக்குக் கைப்பேசியில் எழுதுவதும், விமான நிலையத்தில் பெயர் அட்டை பிடித்து நின்று அழைத்து வருவதும் தம்பியின் பொறுப்பு. அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவள் அவள். கடவுளுக்கு அடுத்தபடி அவனைத்தான் நம்பினாள்.

வருஷம் தவறாமல் வருகிறவர்கள் ஒரு வயதான தம்பதி. ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் பறந்து வருவார்கள். அவர் சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தொலைநோக்கி கழுத்தில் தொங்கும். தெரு அவருக்குப் பறவைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. அவர் மனைவி பறவைக்காரம்மா.

அந்த அம்மாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அவர்கள் வருகிற மாதத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் காட்டைக் கொளுத்தி நிலமாக்குவார்கள். புகை இறங்கி வந்து ஊரை மூடிக்கொள்ளும். மாடி அக்கா போர்வைகளை நனைத்துப் பிழிந்து மாடி ஜன்னல்களில் கட்டிவிடுவாள். கட்டில் பக்கத்து ஜன்னலுக்கு எப்போதும் நீலக்கரைப் போர்வை. காயக் காய மறுபடி நனைப்பாள். பெரிய ஹோட்டலில் வராத தூக்கம் இந்த ஈரப் போர்வைக்குப் பின்னால் வருகிறது என்று பறவைக்காரம்மா சொன்னதாகத் தம்பிதான் ஒருமுறை எடுத்துச் சொன்னான். கேட்ட அன்று மாடி அக்கா இரட்டிப்பாகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அந்த வருஷம் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அவங்க வரலையாம் அக்கா. எண்ணெய் விலை ஏறி, விமான டிக்கெட் எங்கேயோ போயிடுச்சு. புகைக்குப் பயந்து பறவையே ஏரிக்கு வரலையாம். அப்புறம் மனுஷன் எதுக்கு வருவான்?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் போனான்.

எதிர்வீட்டில் மருந்துக்கடைக்காரர். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவனுக்கும் செய்தித்தாளை வாசித்துக் காட்டித்தான் அனுப்புவார். அவர் வேறு மாதிரி சொன்னார். டிக்கெட் ஏறியது நிஜம்தான். ஆனால் நம் பணத்தின் மதிப்பு விழுந்துவிட்டதால் அவர்கள் காசுக்கு இங்கே எல்லாம் மலிவு, டிக்கெட்டில் விட்டதைத் தங்குவதில் பிடித்துவிடுகிறார்கள், வந்தவர்கள் கூடுதல் நாள் இருக்கிறார்கள், ஏரிக்கரைப் புது ஹோட்டலில் நிற்க இடமில்லை என்றார்.

வருகிறவர்கள் வரட்டும், இழுப்புக்காரம்மா இந்தப் புகையில் வராமல் இருப்பதே நல்லது என்று மாடி அக்கா பதில் சொன்னாள். மனசு அப்படிச் சொல்லவில்லை. காலி அறைகளை வைத்துக்கொண்டு அடுத்த மழைவரை எப்படி ஓட்டுவது? தீ அணைய மழை கொடு, அறைக்கு ஆள் கொடு என்று தினமும் வேண்டினாள். திடீரென்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று, ஆளில்லாத அறைக்கும் ஈரப் போர்வை கட்டி வைத்தாள்.

அப்படி ஒரு காலையில் முக்காலி மேல் ஏறி நீலக்கரைப் போர்வையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ மாடிப்படியில் மெதுவாக ஏறி வந்தார்கள். நோயாளி வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வைப்பார்களே, அந்த மாதிரி அடி. திரும்பினாள். வாசலில் பறவைக்காரம்மா. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. பின்னால் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி பறவைக்காரர்.

பறவைக்காரம்மா முக்காலியைப் பார்த்தாள், தூக்கிக் கட்டிய சேலையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு நம் பேச்சில் தெரிந்ததெல்லாம் மாடி அக்காவிடம் பிடித்துக்கொண்ட வீட்டு வார்த்தைகள்தான். சுடுதண்ணி, போர்வை, போதும். அதை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உடம்பு... போதுமா?"

மாடி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. என் உடம்புக்கு என்னம்மா என்று கையை விரித்தாள். அந்த அம்மா கைகளால் விளக்கினாள். முதலில் இரண்டு கையாலும் வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கடைசியில் மாடி அறையைக் காட்டி, கதவைச் சாத்துகிற மாதிரி செய்தாள். பறவைக்காரர் ஏரிப்பக்கம் கையை நீட்டி, புது ஹோட்டலின் சாவியை எடுத்துக் காட்டினார்.

சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுவிட்டது. ஸ்டீயரிங் பிடித்தது யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருந்தால் போதும். வாழ்நாளில் பொய் சொல்லாதவள் அவள். ஆனால் தலையாட்டினால், தன் கையால் சோறூட்டிய பிள்ளை இந்த நல்ல மனிதர்கள் முன்னால் பொய்யனாக நிற்பான். மாடி அக்கா முக்காலியிலிருந்து இறங்கி, நெஞ்சில் கை வைத்து, ஒரு தடவை இருமினாள். இப்போது பரவாயில்லை என்று சைகை செய்தாள். பறவைக்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். மேசைமேல் ஆரஞ்சுப் பையைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. புகையால் சவாரி குறைந்துவிட்டது, ஆள் கொண்டு வருகிறவனுக்கு ஹோட்டல்காரர்கள் கமிஷன் தருகிறார்கள், வண்டிக்கு மாதத் தவணை நிற்குமா என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் குரலை உயர்த்தினான்.

"ஹோட்டல்ல தலைக்கு இவ்வளவுன்னு தர்றாங்க. நீ என்ன தர்றே?"

மாடி அக்கா அடுப்பின் மேலிருந்த சோற்றுப் பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சவாரி குறைஞ்சதுன்னு வந்து சொல்லியிருந்தா பாதி உனக்குன்னு கொடுத்திருப்பேன்டா. கேட்காம எனக்கு நோயைக் கொடுத்துட்டியே. இன்னைக்கு உன் பொய்யை நானும் சேர்ந்து இருமினேன். இனிமே அவங்களுக்கு நீ எழுத வேண்டாம்."

மறுநாள் மாடி அக்கா சொன்னதை அந்தத் தம்பதிக்கு அவர்கள் மொழியில் மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். எனக்கு நோய் எதுவும் வரவில்லை, வந்ததாக நடித்ததற்கு மன்னியுங்கள், அடுத்த தடவை நானே வந்து அழைத்துப் போகிறேன். இவ்வளவுதான். தம்பி பெயரை அதில் எங்கேயும் போட விடவில்லை. அவர்கள் ஊர் திரும்பிய பின், வருவோம் என்று பதில் வந்தது; அதையும் அவரே வாசித்துக் காட்டினார்.

அடுத்த வருஷமும் புகை வந்தது, டிக்கெட் இன்னும் ஏறியது, அவர்களும் வந்தார்கள். மாடி அக்கா பஸ் ஏறி விமான நிலையம் போய், ஆள் வெளியே வரும் கதவுக்கு எதிரே நின்றாள். பெயர் எழுதிய அட்டைக்குப் பதில் கையில் நீலக்கரைப் போர்வை. டிரைவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் ஹோட்டல் அட்டையைப் பிடித்தபடி தம்பியும் நின்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

"போறப்ப நம்ம வண்டியிலேயே கூட்டிட்டுப் போகலாம் அக்கா. காசு வேண்டாம்."

அவள் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத்தான் உடம்பு சரியில்லையேப்பா. உன் வண்டி எனக்கு ஒத்துக்காது."

கண்ணாடிக் கதவு திறந்தது. மாடி அக்கா போர்வையை உதறி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.