திருடன் வேஷத்துக்கு முன் ஒரு கற்பூரம்

ஜப்பான் ரயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நின்றபடி தூங்குவார்கள், உட்கார மாட்டார்கள். தப்பித் தவறி யாராவது உட்கார்ந்தால் அவர்கள் கைப்பை என்னைவிட்டுத் தள்ளி அந்தப் பக்கத்துத் தோளுக்குப் போய்விடும். எனக்குக் கோபமில்லை; வசதியாகப் பரப்பி உட்கார்ந்துகொள்வேன். கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டு வளர்ந்த உடம்பு இது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, துறைமுகத்தில் ஐஸ் உடைத்து, மஸ்கட்டில் சாரம் கட்டி, இப்போது இங்கே மீன் ஆலையில் நிற்கிறது.

ஆலையில் எனக்கு எதிர் மேசை மோரி அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் படங்களில் நடிக்கிற அந்தம்மா ஒருநாள், "வெளிநாட்டுத் திருடன் ஒருவன் வேண்டுமாம். என் பையைப் பிடுங்க வேண்டும், வருகிறாயா?" என்று கேட்டார். புவனகிரியில் இருக்கும் மச்சான் செல்வத்திடம் போனில் சொன்னேன்.

"போயும் போயும் திருட்டுப்பய வேஷமா மாமா? ஏற்கெனவே ஒன்னப் பாத்தா பையப் புடிச்சிக்கிறாங்கன்னு நீதான சொன்ன. நாளைக்கு அங்க வர்ற நம்மாளுங்க எல்லாத்தையும் அப்டித்தான் பாப்பாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முடியாது என்றேன். மோரி அம்மா வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு வேளையில் தன் போனில் ஒரு ஊமைப்படத்தைக் காட்டினார். இந்த நாட்டிலிருந்து நூறு வருஷத்துக்கும் முன் அமெரிக்கா போன நடிகர். அங்கே அவரைப் பிரபலமாக்கியதே ஒரு கெட்டவன் வேஷம்தான். சுற்றி நிற்கும் வெள்ளைக்காரர்கள் கையையும் காலையும் வீசுகிறார்கள். இவர் அசையவில்லை, கண் மட்டும் திரும்புகிறது. அமெரிக்காவில் இருந்த ஜப்பான்காரர்களே நம் மானத்தை வாங்கிவிட்டான் என்று திட்டினார்களாம். வெள்ளைக்காரப் பெண்களோ அவருக்காகக் கிறங்கினார்களாம். பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்துப் படம் எடுத்தாராம். கெட்டவனாக நிற்கும்போதே இத்தனை கம்பீரம் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு, வருகிறேன் என்றேன்.

எங்கள் பக்கத்துக் கூத்தில், சேலையில் கைவைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். அது இல்லாமல் தொட மாட்டார். படப்பிடிப்பில் எனக்கும் கை எழவில்லை. அறையிலிருந்து கொண்டுபோயிருந்த கற்பூரத்தை ஒரு டப்பா மூடியில் ஏற்றி, மோரி அம்மாவுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, காலைத் தொட்டேன். ஒருவர் தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"நான் சாகப்போகிறேனா?" என்றார் மோரி அம்மா.

"இல்லை. செய்யப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்பு."

அந்தம்மாவும் இடுப்பு வளைய எனக்குத் தலை வணங்கினார். இயக்குநர், "அதையே திரும்பச் செய், படம் பிடிக்கிறேன்" என்றார். அது காமிராவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்த ஊமைப்பட நடிகரை நினைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். கண்ணை மட்டும் திருப்பினேன். பையை எடுத்தேன்.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது செல்வம் படத்தைப் பார்த்தான். "திருடன்தான் மாமா. ஆனா ஒன்ன அடிக்கணும்னு தோணல. எழுந்து நிக்கணும் போல இருக்கு."

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். "கொஞ்சம் தள்ளி ஒக்காருப்பா" என்று ஒருவர் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, உடனே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இதற்குத்தானே ஏங்கினேன் என்று நானும் அசையாமல் இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அவர் உட்கார்ந்தபோதே என் பை ஜன்னல் பக்கத்துத் தோளுக்கு மாறியிருந்தது.