ஆனியில் பொங்கிய பால்

பக்கத்து வீட்டை இடித்தபோது எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் காரை விழுந்தது. மூடி போட்டுத்தான் வைத்திருந்தேன். மூடியைத் திறந்து குழந்தைக்குச் சோறு போட்ட அந்த ஒரு நொடியில் மேலே சுவர் அதிர்ந்து, கைப்பிடி அளவு சுண்ணாம்பு உதிர்ந்து பானைக்குள் விழுந்தது. நான் அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் கணவரை விட்டுவிட்டு ஓடினேன் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவரால் எழுந்து ஓட முடியாது.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் பிலோமினா. பிறந்த ஊர் வரதராஜன்பேட்டை. வாக்கப்பட்டு வந்தது ரெட்டிபாளையம். நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால்கூட ஊரைக் கூட்டுகிறவள். அப்படிப்பட்டவளை ஆண்டவர் எதற்காக அந்த ஆடி மாதத்துக்குள் தள்ளினார் என்று பல நாள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

என் கணவர் அந்தோணி, சிமெண்ட் லாரிகளில் தார்ப்பாய் கட்டும் வேலை செய்தவர். மழை நாளில் லாரி மேலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது, உயிர் பிழைத்தார், ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போவார், அவ்வளவுதான். நான் அரியலூரில் ஒரு மாவுக் கடைக்கு வேலைக்குப் போனேன். அந்தக் கூலியில் சாப்பிடலாம், வாடகை கட்ட முடியாது.

நாங்கள் இருந்தது வரிசையாக ஐந்து வீடுகள் ஒட்டிக் கட்டிய லைன் வீடு. அதைப் பழைய ஓனர் விற்றுவிட்டார். புது ஓனர் கெட்டவர் இல்லை. வந்து நிதானமாகத்தான் சொன்னார்.

"ஆவணி மொத முகூர்த்தத்துல பூமி பூஜை போடுறேம்மா. அதுக்குள்ள தரை மட்டமா ஆயிடணும். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

மற்ற நான்கு குடும்பங்களும் ஆனி மாதத்திலேயே காலி செய்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் மிஞ்சினோம். அவர் மறு கோடியிலிருந்து இடிக்க ஆரம்பித்தார்.

எங்களுக்கு ஒரு வழி இருந்தது. நம் பங்குக் கோயிலின் உதவிச் சங்கத்தில் வாடகை உதவிச் சீட்டு கொடுக்கிறார்கள். சிலர் அதைக் கையில் காசு கொடுப்பது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். நம் வருமானத்தைப் பார்த்து வாடகையில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். மீதியைச் சங்கம் மாதா மாதம் வீட்டு ஓனரின் பேங்க் கணக்குக்கே அனுப்பிவிடும். அதற்கு முன் சங்கத்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். கூரை உறுதியா, கழிப்பறை இருக்கிறதா, கரண்ட் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். பிறகு ஓனர் கையெழுத்துப் போட்டு, நாமும் குடி வந்துவிட வேண்டும். இவ்வளவும் சீட்டில் உள்ள தேதிக்குள் நடக்க வேண்டும். தவறினால் சீட்டு அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்விடும். எங்கள் சீட்டில் இருந்த தேதி ஜூலை 31.

சீட்டு கையில் வந்ததும் வீடே கிடைத்துவிட்டது மாதிரி பூரித்துப் போனேன். பைத்தியக்காரி! சீட்டைக் காட்டியதும் எத்தனை ஓனர்களின் முகம் சுருங்கியது தெரியுமா? "தர்மத்துல குடியிருக்கிறவங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. மாடி வீடு என்றால் என் கணவரால் ஏற முடியாது. தரைத்தளத்தில் வீடு கிடைக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில், அரியலூரில் சரோஜா அக்கா என்பவரின் வீட்டைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டை ஒட்டியே ஒரு சின்ன வீடு. படி கிடையாது. உள்ளே நுழைந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கே அந்தோணி கோலை ஊன்றி நடக்கலாம், இங்கே ஜெனியைத் தூங்க வைக்கலாம் என்று மனம் அதற்குள் குடியேறிவிட்டது. ஜெனி என் இரண்டு வயது மகள். அவள் பசியில் வீல் என்று கத்த ஆரம்பித்தாள். பையில் பால் பாக்கெட் இருந்தது.

"அடுப்பு இருக்கு, கேஸும் கொஞ்சம் கெடக்கும். காச்சிக் குடும்மா, புள்ள அழுவுதுல்ல" என்று சரோஜா அக்கா ஒரு குண்டானைக் கொடுத்தார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சீட்டைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்குப் பேச்சு நிற்காது. பால் பொங்கி அடுப்பு, மேடை எல்லாம் வழிந்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. வீடு கேட்க வந்த இடத்தில் முதல் வேலையாக இப்படியா! முந்தானையாலேயே மேடையைத் துடைத்தேன்.

அவருக்குச் சீட்டின் மேல் சந்தேகம். "பாதில பணத்த நிறுத்திட்டா நான் யார்கிட்டம்மா போய்க் கேக்குறது? அது சரி, ஆள் வந்து சோதிக்கிறதுக்கு என் வூடு என்னா திருட்டு வூடா?" என்றார். தன் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பதாகவும், அவரிடம் போனில் கேட்டுச் சொல்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்டு, அவர் வீட்டுக்காரர் யோசித்து, சரி என்று பதில் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"அவரு சரின்னுட்டாரு. ஆனா ஆடில யாரையும் குடி வெக்க மாட்டேன். ஆவணி பொறக்கட்டும், வா" என்றார் போனில்.

"அக்கா, ஆவணி வரைக்கும் சீட்டு தாங்காதுக்கா. பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே, அன்னைக்காவது..."

"பெருக்குக்குத் தாலி மாத்துவாங்க, குடி மாறுவாங்களா? நல்லாருக்கு கதை!"

அதுவும் ஜூலை 31 தாண்டித்தான் வருகிறது என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

நாம் வேதக்காரர்கள், நமக்கு ஆடி, மார்கழி கிடையாது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்வார். தலையாட்டுவோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஆடியில் வீடு மாறியிருக்கிறோம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்? நானே என் தங்கையைத் தடுத்திருக்கிறேன். அப்புறம் சரோஜா அக்காவை எப்படிக் குறை சொல்வது? ஒருவர் ஆவணிக்குள் இடிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஆவணிக்கு முன் உள்ளே விடமாட்டேன் என்கிறார். நடுவில் நான், ஒரு குழந்தை, நடக்க முடியாத ஒரு மனிதர்.

சங்கத்தில் சீட்டு வேலையைப் பார்க்கிற சகாயம் சாரிடம் ஓடினேன். தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒங்களுக்குத் தள்ளிக் குடுத்தா, பின்னால காத்திருக்கிற குடும்பத்துக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? அவங்களுக்கும் மூணு புள்ளைங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அந்த மூன்று பிள்ளைகளை நினைத்ததும் அதற்கு மேல் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

ஜேசிபி ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது. கடைசியில் எங்களை ஒட்டிய வீட்டை இடித்த நாளில்தான் சோற்றில் காரை விழுந்தது. நான் திரும்பி உள்ளே ஓடியபோது அந்தோணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். தலை, புருவம் எல்லாம் சுண்ணாம்பு.

"நீ புள்ளயத் தூக்கிட்டு ஓடுனது சரிதான் பிலோ. இனிமேயும் அப்படியே ஓடு" என்றார்.

அந்த மனிதர் தன்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். புது ஓனரும் பதறிப்போய் வேலையை நிறுத்தினார். ஆனால், "சுவரு இனிமே நிக்காதும்மா, சீக்கிரம் கெளம்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, அந்தோணியையும் ஜெனியையும் மாவுக் கடை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறினேன். கோயிலில் ஒரே கூட்டம். முழங்காலில் நிற்கக்கூட இடமில்லை. தூணோரம் ஒதுங்கி நின்றேன். ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எண்ணிக்கை தவறுகிறது. வாய் மட்டும் அசைகிறது, மனம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு நேராகவே கேட்டேன். "மாதாவே, எனக்குப் பயமாயிருக்கு. ஒம் புள்ளையப் பெத்துக்க எடம் கெடைக்காம நீ அலைஞ்சவதானே. ஒனக்குத் தெரியாதா? எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல, பயந்தான் இருக்கு. அத வெச்சுக்கிட்டே கேக்குறேன். ஒம் மகன்கிட்டச் சொல்லு."

அவ்வளவுதான் என் ஜெபம். ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. ஒரு மெழுகுத்திரி ஏற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் அதே நடுக்கம்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வருகிறேன், போன் அடிக்கிறது. சரோஜா அக்கா.

"ஏம்மா பிலோமினா, அன்னைக்கு நீ வந்தது ஆனியா, ஆடியா?"

தூக்கிவாரிப் போட்டது. பாலைப் பொங்க விட்டதற்குச் சண்டைக்கு வருகிறாரோ என்று நினைத்தேன். "ஆனிதாங்க்கா. ஆனிக் கடைசி வெள்ளிக்கெழம. மன்னிச்சுக்குங்கக்கா, சரியாத் தொடைக்காம வந்துட்டேன்."

"அத விடு. நேத்து அந்த அடுப்பத் தேய்க்கலாம்னு பர்னரத் தூக்குனேன். அடியில பாலு காஞ்சு ஒட்டிக் கெடக்கு. ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டேன். வெள்ளிக்கெழம, கெழக்க பாத்த அடுப்பு, பொங்கி வழிஞ்சிருக்கு. நீ ஆனியிலயே பால் காச்சிட்டுப் போயிட்டடி! பால் காச்சுனவளுக்கு ஆடி என்னா, மார்கழி என்னா? சாமான எடுத்துட்டு வா."

கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தைய நாள் நான் தூணோரம் நின்று புலம்பியபோது அவர் அங்கே அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நம் ஊரில் ஆடி பிறக்கும் முன்பே புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, பிறகு சாவகாசமாகச் சாமான் ஏற்றுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பசிக்கு அழுத குழந்தைக்குக் காய்ச்சிய பாலை நான் அந்தக் கணக்கில் நினைக்கவே இல்லை. ஆண்டவர் நல்ல நாள் பார்க்கிறவர் இல்லை. ஆனால் நல்ல நாள் பார்க்கிறவர்களின் மனம் எதற்குத் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பயம் அதோடு விட்டதா? இல்லை. சகாயம் சார் வீட்டைப் பார்க்க வந்தார். எல்லாம் சரி என்றவர், பின்பக்கம் போய் நின்றுவிட்டார். கழிப்பறை விளக்குக்குப் போகிற ஒயர் மேலுறை கிழிந்து தொங்கியது. அதை மாற்றாமல் ஒப்புதல் தர முடியாது என்றார். இருந்ததோ இரண்டே நாள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நேரம், யார் போன் எடுப்பார்கள்? வீட்டைச் சோதிக்கிறார்களே என்று ஆரம்பத்தில் கோபப்பட்ட சரோஜா அக்காதான் புடவையைச் சொருகிக்கொண்டு கிளம்பினார். கூழ் வரிசையில் சொம்போடு நின்ற அந்த ஆளைக் கையோடு பிடித்துவந்தார்.

"புள்ள நடமாடுற வூடுய்யா! கூழு எங்கயும் ஓடிப் போவாது, மொதல்ல ஒயர மாத்து" என்று அவர் போட்ட அதட்டலில் எனக்கே நடுங்கியது.

ஜூலை 31 மத்தியானம், சங்கத்து ஆபீசில் சரோஜா அக்கா கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். என் கையெழுத்து கோணல் மாணலாக விழுந்தது. அன்று சாயங்காலமே குட்டி யானை வண்டியில் கட்டிலை ஏற்றினோம். அந்தோணி கோலை ஊன்றி, யாரும் பிடிக்காமல், புது வீட்டுக்குள் தானே நடந்து போனார். உள்ளே போய் நின்று மேலே கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சுவரில் கையை வைத்து அழுதார். விபத்து நடந்த நாளில்கூட அழாத மனிதர்.

பழைய வீட்டின் சுவர் அந்த வாரமே மழையில் தானாக விழுந்தது. கட்டில் கிடந்த பக்கமாக விழுந்ததாகப் புது ஓனர் வந்து சொன்னார். ஆண்டவருக்கு நான் எந்த வாயால் நன்றி சொல்வேன்?

இப்போது அந்தோணி வீட்டிலிருந்தபடியே மாவுக் கடைக்குப் பாக்கெட் ஒட்டிக் கொடுக்கிறார். எங்கள் பங்கைத் தவறாமல் கட்டுகிறோம். வருகிற ஆனியில் சங்கத்தில் மறுபடியும் வருமானத்தைப் பார்த்துச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். பயம் போய்விட்டது என்று பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் பயந்தால் ஓடுவேன். இப்போது பயந்தால் முழங்காலில் நிற்கிறேன்.

அதனால் கேட்கிறேன், இங்கே யாராவது வீட்டுக்காக, வியாதிக்காக, பிள்ளைக்காக நடுங்கிக்கொண்டிருந்தால், நம்பிக்கை வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே கேளுங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.

சீட்டு வாங்கிய சகோதரிகள் யாராவது வீடு பார்க்கக் கிளம்பினால் என்னையும் கூப்பிடுங்கள். ஓனரிடம் சீட்டைப் பற்றி நான் பேசுகிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஒரு பால் பாக்கெட்டும் எடுத்து வருகிறேன்.