புரியாத பகுதியை என்ன செய்வது

இணையம் வழியாக ஒரு போன் அழைப்பு கிளம்பும்போது முதலில் ஒரு செய்தி போகும். அதற்குள் பல பகுதிகள் இருக்கலாம். குரல் எப்படிப் போக வேண்டும் என்பது ஒன்று, அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது இன்னொன்று. எங்கள் அவசர அழைப்புத் திட்டத்தில் இவற்றை அடுக்கும் வேலை என்னுடையது. லூனாஸ் என்ற சிறிய ஊரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம்.

குழுத் தலைவரோடு எனக்குச் சண்டை ஒரே விஷயத்தில்தான். ஒரு பகுதி எதிர்முனைக்குப் புரியாவிட்டால் என்ன செய்வது? அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பிடிவாதத்திலும் அவர் எனக்கு அண்ணன்.

"ஒண்ணு புரியலன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடணும்லா. அரைகுறையா எடுத்தா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்" என்றார்.

"அங்க ஆள் மூச்சு வாங்கிக்கிட்டு இருப்பாங்கண்ணே."

"டெஸ்ட்ல பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு இது வெறும் வேலை இல்லை. அப்பாவுக்கு இருதயக் கோளாறு. புக்கிட் செலம்பாவ் பக்கம் எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறார், என் வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டால் யாராவது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பெரிய சாலையிலிருந்து எஸ்டேட் பாதை பிரியும் சிம்பாங்கில் நின்று வழிகாட்டிக் கூட்டி வருவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

சோதனையில் அப்பாவின் போனையும் சேர்த்திருந்தேன். "சும்மா டெஸ்ட்டுப்பா. இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, போதும்" என்று சொல்லியிருந்தேன். அன்று காலை அவர் கூப்பிட்டது என் திரையில் தெரிந்தது. எதிர்முனையில் இருந்த பழைய கருவிக்கு இருப்பிடப் பகுதி புரியவில்லை. மொத்த அழைப்பையும் திருப்பி அனுப்பிவிட்டது. அதைச் சொல்லலாம் என்று போன் போட்டால் அப்பா எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிம்பாங்கில், நல்ல வெயிலில், மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இங்க என்னப்பா பண்றீங்க?"

"கூப்பிட்டாச்சுல்ல. போனை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். வண்டி வந்தா வழி தெரியாதே."

"யாராச்சும் பேசினாங்களா?"

"டூட் டூட்னு கேட்டுச்சு. போய்ச் சேந்துடுச்சுன்னு நெனச்சேன். டெஸ்ட்னா முழுசா பண்ண வேணாமா?"

சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அழுகைதான் வந்தது. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அப்பா வெயிலில் காத்திருந்ததை இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "சரி, மாத்துலா" என்றார்.

இப்போது ஒவ்வொரு பகுதியோடும் ஒரு குறிப்பு போகிறது: இது கட்டாயம் புரிய வேண்டும், அல்லது புரியாவிட்டால் விட்டுவிடலாம். குரல் முதல் வகை, இருப்பிடம் இரண்டாவது. அடுத்த சோதனையின்போது அப்பா பக்கத்திலேயே இருந்தேன். அதே பழைய கருவி இருப்பிடத்தை விட்டுவிட்டு அழைப்பை எடுத்தது. சோதனைக்காக எதிர்முனையில் உட்கார்ந்திருந்த அண்ணனின் குரல் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிம்பாங்குல நிப்பேன் தம்பி, நீலச் சட்டை" என்று சொல்லிவிட்டு மோட்டார் சாவியைத் தேடினார்.

"நெஞ்சு வலிக்கிறப்பவும் நீங்களேதான் போவீங்களா?"

"பகல்ல இங்க யாரு இருக்கா? எல்லாம் ஃபேக்டரிக்குப் போயிடுறாங்க. வேற யாரு போய் நிப்பா?"

சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கே விதியில் இன்னொரு வரி சேர்த்தேன். இருப்பிடத்தை விடலாம், ஆனால் விட்டதை அழைப்பை எடுப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும்; அப்போதுதான் அவர் உடனே வழியைக் கேட்டு வாங்குவார். அப்பா எங்கே என்று தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரியட்டும்.