எவர்சில்வர் பல்

என் மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் உலோக உறை போட்டு ஒன்பது நாள் ஆகிறது. அவள் அதை மறந்துவிட்டாள். என்னால்தான் முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில் அவள் படுக்கையிலிருந்து எழுந்து வந்தபோது கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது. பாலைப் பொங்கவிட்டுவிட்டு ஓடினேன். இப்போதும் அவள் தூங்கி எழுந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கன்னத்தைத்தான்.

செஞ்சியிலேயே இப்போது குழந்தைகளுக்கென்று பல் டாக்டர் இருக்கிறார். வீக்கம் வடியும்வரை மருந்து கொடுத்தார். பிறகு ஒரே தடவையில் பல்லின் உள்ளே சுத்தம் செய்து உறையைப் பொருத்திவிட்டார். கிளம்பும்போது எனக்கு ஓர் எச்சரிக்கை. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். குழந்தைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். வலி தெரியாததால் புண்ணாகும்வரை கடித்துக்கொண்டே இருப்பார்கள். மரப்பு விலகும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் பத்தாவது நிமிஷத்தில் என்னிடம் கேள்விகள் தீர்ந்துபோயின. மகள் ஒவ்வொன்றுக்கும் “தெரியல” என்றாள், “ஒண்ணும் இல்ல” என்றாள், நடுநடுவே கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். கடைசியில் கைப்பேசியை அவள் கையில் கொடுத்து, பார்ப்பதை எல்லாம் எனக்கு வாய்விட்டுச் சொல்லச் சொல்லித் தப்பித்தேன். அப்போதுதான், நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முன்பு, பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக்கு என் நைனாவோடு வந்த ஒரு பஸ் பயணம் நினைவுக்கு வந்தது.

மேல்சித்தாமூரிலிருந்து தொழிலுக்காகச் செஞ்சிக்குக் குடிவந்த ஜைனக் குடும்பம் எங்களுடையது. நைனா, அதாவது என் அப்பா, மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். இரண்டு காயை உடைத்து வாயில் போட்டு மென்றுவிட்டு “ஈரம்” என்பார், இல்லையென்றால் “சரி” என்பார். அதற்குமேல் அவரிடம் பேச்சு வாங்க எந்த விவசாயியாலும் முடிந்ததில்லை. வீட்டில் அந்த இரண்டு சொற்களில் ஒன்றுதான் புழக்கத்தில் இருந்தது.

என்னோடு அவருக்கிருந்த பேச்சுவார்த்தை ஒரு மல்லாட்டை உருண்டை. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு பெரியவர்கள் சாப்பிடமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நைனா வந்துவிடுவார். கை கால் கழுவுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் சுற்றிய வெல்ல உருண்டையை எடுத்து என் முன்னால் நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மெதுவாகக் கரைத்துக் கரைத்துத் தின்பது எனக்கு வழக்கம். சில நாள் அப்படியே தூங்கியும் போயிருக்கிறேன்.

ஏழாவது வயதில் அந்தப் பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஒரு நாள் பாதி உடைந்து சோற்றோடு வந்தது. அதன் பிறகு வலி. உள்ளூர் டாக்டர் பிடுங்கிவிடலாம் என்றார். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. அம்மாவின் பயமெல்லாம் உதட்டைப் பற்றித்தான். முந்தைய வருஷம் என் அண்ணனுக்குத் திண்டிவனத்தில் ஊசி போட்டுப் பல் பிடுங்கியிருந்தார்கள். மரத்துப்போன உதட்டை அவன் வீடு வந்து சேர்வதற்குள் மிட்டாய்போல மென்று வைத்திருந்தான். அது பன் மாதிரி வீங்கிச் சீழ் பிடித்தது. பத்து நாள் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மீசைக்குக் கீழே இருப்பதால் மறைக்கவும் முடியாது. விழப்போகிற பல்லுக்கு ஊசி எதற்கு, பெண் பிள்ளையின் உதடு போனால் யார் பதில் சொல்வது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மண்டியில் யாரோ நைனாவிடம், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் குழந்தைகளின் பல்லைப் பிடுங்காமல் மூடி போட்டுக் காப்பாற்றுகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். நைனா அன்று அம்மாவிடம் வந்து நின்று சொன்னது, அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியமாக இருக்கும்.

“பல்லு டாக்டரு பொறுப்பு. உதட்டுக்கு நான் பொறுப்பு.”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நான்கு இட்லியைப் பொடி தடவி, வாழையிலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். திரும்பும்போது பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடச் சொன்னாள்.

பாண்டிச்சேரி டாக்டர் அம்மா ஒல்லியாக இருந்தார், பெரிய கண்ணாடி போட்டிருந்தார். ஊசி வலித்தது, அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் திறந்து காட்டிய பெட்டியைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி எவர்சில்வர் பற்கள், உள்ளே குடைவாக, எறும்புகள் வைத்துச் சமைக்கும் பாத்திரங்களைப்போல. ஒன்றை எடுத்து என் பல்லின்மேல் வைத்துப் பார்த்தார், பெரிது. இன்னொன்று சிறிது. மூன்றாவதைக் குறடால் விளிம்பில் லேசாக நெளித்து, வெள்ளைப் பசையைக் குழைத்து உள்ளே நிரப்பி, பல்லின்மேல் வைத்து அழுத்தி, பஞ்சைக் கடிக்கச் சொன்னார். அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு அக்கறையாக ஒருவர் செய்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாதா மாதம் பல் விழுகிற வயதில் இருந்த எனக்கு, என் வாயில் ஏதோ பெரிய கட்டடம் எழும்புவதாகப் பட்டது.

விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு தேவையா என்று, அம்மாவின் கேள்வியை நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிப்பீங்கல்ல? இந்தப் பல்லு அந்தத் துண்டு. பதினோரு வயசுல புதுப் பல்லு வர்ற வரைக்கும் எடம் புடிச்சு வெக்கணும். இத இப்பவே எடுத்துட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு உக்காந்துக்கும்” என்றார் டாக்டர்.

பிறகு என்ன இனிப்பு சாப்பிடுவாள் என்று அவர் விசாரித்தார். நைனாவுக்குப் பெருமை சேர்க்கும் வாய்ப்பு என்று நினைத்து, கோணிய வாயோடு நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

“நைனா டெய்லி மல்லாட்டை உருண்டை கொண்டாருவாரு. ஒரு நாள்கூட மறக்கமாட்டாரு.”

டாக்டர் நைனாவைப் பார்த்தார். நைனா தன் சட்டைப் பையைப் பார்த்தார். எனக்குக் கையில் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். பளபளக்கும் என் பல்லைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அப்போது எனக்கு முக்கியமில்லை. அவர்கள் இருவரும் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் பேசியதை நான் காதில் வாங்கவில்லை. இன்று யோசித்தால், போன வாரம் எனக்குச் சொல்லப்பட்ட அதே எச்சரிக்கையாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் கீழுதடு வேறு யாருடையதோ போல இருந்தது. அதை உள்ளே இழுத்துப் பல்லால் அழுத்திப் பார்த்தேன்; ரப்பர். இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று நினைத்தபோது நைனா தொண்டையைக் கனைத்தார்.

“ஒங்க கிளாஸ்ல மொத்தம் எத்தினி பேரு?”

என்னைத்தான் கேட்கிறாரா என்று பார்த்தேன். நாற்பத்திரண்டு என்றேன். எல்லாப் பெயரையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டார். அதைச் சொன்னேன். யார் நன்றாகப் படிப்பார்கள், யார் சிலேட்டில் எச்சில் துப்பி அழிப்பார்கள், டீச்சர் என்ன கலர் குடை வைத்திருக்கிறார், மத்தியானம் மணி அடிப்பது யார்? மூட்டையை எண்ணுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அவர் கேட்டுக்கொண்டே வந்தார். உதடு மரத்திருந்ததால் என் பதில்கள் பாதி காற்றாகத்தான் வந்தன. அவர் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். இந்த மனிதருக்குள் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இத்தனை ஆசை இருந்ததா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளியனூரில் கீரைக் கூடையோடு ஏறிய ஓர் அம்மா எங்கள் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணே, கோர்ட்ல நிக்க வெச்ச மாதிரி கொழந்தைய இந்தக் கேள்வி கேக்கற? கொஞ்சம் மூச்சு வுட வுடு.”

“பேசட்டும்மா” என்றார் நைனா.

அந்த அம்மா என் பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். “அடேயப்பா, எவர்சில்வரு. பேரு வெட்டியாச்சா?” என்று அவர் கேட்க, பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருந்த நான், எவ்வளவு சின்ன எழுத்தாக வெட்டினால் என் பெயர் முழுவதும் பிடிக்கும் என்று உண்மையாகவே யோசித்தேன். நைனா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திண்டிவனத்தில் பஸ் மாறினோம். செஞ்சி பஸ் வெகுநேரம் கிளம்பவில்லை. கிளம்பியபோது வெயில் சாய்ந்து நேராக எங்கள் முகத்தில் அடித்தது; அந்தச் சாலை மேற்கே போகிறது. நைனா மடியில் இட்லிப் பொட்டலத்தை வைத்து நூலை அவிழ்த்தார். கேள்வி நின்றதால் நான் உதட்டை உள்ளே இழுத்தேன். அவர் நூலை விட்டுவிட்டு, வகுப்பில் நேற்று என்ன நடந்தது என்று கேட்டார். சத்துணவு சமைக்கிற அம்மாவின் கோழி எங்கள் வகுப்பில், தேசப்படம் சுருட்டி வைத்திருக்கும் மூலையில் ஒன்பது முட்டைமேல் அடை உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னேன். யாரும் கிட்டே போகக்கூடாது என்று டீச்சர் சாக்பீஸால் கோடு போட்டிருந்ததையும், குஞ்சு வர இன்னும் நான்கு நாள் இருப்பதையும் சொன்னேன். நைனா மறுபடி நூலில் கை வைத்தார். நான் மறுபடி உதட்டை இழுத்தேன். அவர் மறுபடி கட்டிவிட்டார். அவருக்குப் பசிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

செஞ்சி மலைகள் கண்ணுக்குத் தெரிந்தபோது அவரிடம் கேள்விகள் தீர்ந்துவிட்டன. எனக்கும் அது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், கூரையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“ஒங்க கிளாஸ்ல மொத்தம் எத்தினி பேரு?”

“அத அப்பவே சொன்னேனே நைனா.”

“மறந்துட்டேன். மொதல்லருந்து சொல்லு.”

போன அறுவடையில் யார் எத்தனை மூட்டை, எந்த மூட்டையில் எவ்வளவு ஈரம் என்று சீட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். நான் சலித்துக்கொண்டு மறுபடியும் நாற்பத்திரண்டு பெயர்களையும் சொன்னேன். பாதிப் பெயரைச் சொல்லும்போதே சூரியன் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

வீட்டில் அம்மா முதல் வேலையாக என்னை விளக்குக்குக் கீழே நிறுத்தி, புடவையில் இழை ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கீழுதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பல் கீறிய தடம்கூட இல்லை. பிறகு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நான்கு இட்லியும் காய்ந்து அப்படியே இருந்தன. அம்மா நைனாவைப் பார்த்தாள்.

“சரி” என்றார் நைனா. முகம் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எனக்கு மட்டும் ஆறிய பால் கிடைத்தது. குழந்தைகளுக்கு அந்த விதி கிடையாது.

மறுநாள் பள்ளியில் நாற்பத்தோரு பேரும் வரிசையில் நின்று என் பல்லைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னபடியே பதினோராவது வயதில் அது மூடியோடு விழுந்தது. அது பிடித்து வைத்த இடத்தில் நேராக முளைத்த பல்லால்தான் இன்றைக்கும் மெல்லுகிறேன்.

ஆனால் அந்த ஏழு வயதில் எனக்கு வேறொரு துக்கம் இருந்தது. பாண்டிச்சேரி போய்வந்த மறுநாள் நைனா உருண்டை கொண்டுவரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போகும், வெறுமனே திரும்பும். எவர்சில்வர் பல் வந்த பிறகு உருண்டைக்கு என்ன பயம் என்பது என் நியாயம். பஸ்ஸில் அவ்வளவு பேசியவர் மறுபடி ஊமையாகியும் விட்டார். நான்தான் ஏதோ தப்பாகப் பேசியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் வந்ததும் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கை கால்கூடக் கழுவவில்லை. பிறகு என் எதிரே, தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாலு நாளாச்சே. அந்தக் கோழி குஞ்சு பொரிச்சுதா?”

பொரித்திருந்தது. அன்று காலையில்தான், ஏழு குஞ்சுகள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அதற்குப் பிறகு நான் கல்லூரிக்குப் போகும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் வெளிச்சம் இருக்கும்போதே வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டவர் அவர். ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஆனால் அந்த முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, அம்மாவிடம் புகார் சொன்னேன்.

“நைனா இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் கொண்டாரல.”