கொட்டை எழுத்து

அக்காவின் பேத்தி நேற்று தன் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தாள். திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். மேலே சிலுவை, கீழே அந்தக் காலத்துக் கொட்டை எழுத்தில் கன்னங்கரேலென்று அவள் பெயர். பழைய ஸ்டைல்தான் இப்போது ஃபேஷனாம். ஓர் எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிற கிழவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அது.

எழுபதுகளில் மரக்காணம் கடைத்தெரு அச்சகத்தில் அந்த எழுத்து ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. தடித்த உடம்பு, வளைவில் மட்டும் சிறுத்த இடுப்பு. மை குடித்துக் குடித்துத் தாளின் மறுபக்கமும் தெரியும். டூரிங் டாக்கீஸ் நோட்டீசுக்கும் உப்பளக் கூலி கூட்டத்துக்கும் அதே எழுத்துதான். ஆனால் மாதா கோயில் சுவரில் ஒட்டினால் யாரோ செத்துவிட்டார் என்று அர்த்தம். கல்யாணத்துக்குச் சுவர் கிடையாது. பூசையில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதோடு சரி.

உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த என் அப்பாவுக்கு அது போதவில்லை. மனுஷருக்கு எதிலும் ஜம்பம். அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை சூசையின் பெயரைப் பெரிதாக, 'சூ'வின் வாலில் ஓர் உடைசலோடு, போட்டு, மேலே சிலுவையும் வைத்து, அந்தச் சுவரிலேயே ஒட்டினார். நாங்கள் நின்று அழகு பார்த்தோம்.

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா மீன்கூடையோடு வந்தார். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. கட்டுமரப் பாயில் எழுதியிருந்த மகன் பெயர் மட்டும் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அவன் விடியலிலேயே கடலுக்குப் போயிருந்தான். கூடை நழுவியது. சத்தமே வராமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கல்யாண நோட்டீஸ்தான் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. மத்தியானம் சூசை வந்து எதிரே நின்றதும்தான், அவன் முகத்தைத் தடவி அழ ஆரம்பித்தார். கல்யாணப் பந்தியில் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அத்தையும் சிரித்தார்.

சில வருடங்களில் ஒரு புயல். கூடக் கடலுக்குப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள், சூசை சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பல நாள் பார்த்துவிட்டு அதே சுவரில் ஒட்டினோம். அதே எழுத்து, 'சூ'வின் வாலில் அதே உடைசல். அக்கா கைக்குழந்தையோடு நின்றாள். அத்தை வந்து தாளைத் தடவிப் பார்த்தார். சிரித்தார்.

"இது கல்யாண நோட்டீசுப்பா. போன தடவையும் இப்டித்தான் ஒட்டினீங்க. மத்தியானம் வந்துட்டான்ல?"

அத்தை கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். சாகும்வரை அந்தத் தாளை யாரையும் கிழிக்க விடவில்லை.

இன்று அச்சகம் இருந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் கடை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரி சிரித்த முகங்கள். அந்தச் சுவரையும் இடித்தாயிற்று.

வேறு எழுத்தில் போடக் கூடாதா என்று பேத்தியிடம் கேட்க நினைத்துப் பத்திரிகையை மறுபடி திறந்தேன். அவள் பெயருக்குக் கீழே, அதே கொட்டை எழுத்தில், "சூசை அவர்களின் பேத்தி" என்று இருந்தது. கல்யாண நோட்டீஸ்தான். கொண்டுபோய்க் காட்ட அத்தை இல்லை.