பன்னிரண்டு தாள்

ஜெயவேலின் வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் வரவில்லை. போன வருடம் விசைப்படகில் வலையிழுக்கும் கயிறு அறுந்து இடது தோளில் விளாசியது. காசிமேட்டில் யார் விசாரித்தாலும், "அதெல்லாம் செட்டாய்டுச்சு மாமு. தடைக்காலம் முடியட்டும், மொத போட்ல நான் கீறேன்" என்பார். முப்பது வருடம் கடலுக்குப் போன மனிதரிடம் யார் வாய் கொடுப்பது?

மீன்பிடித் தடை முடியும்வரை வயிற்றுப்பாட்டுக்கு, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடக்கும் ஓவிய வகுப்பில் மாடலாக நின்றார். சட்டையைக் கழற்றிவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று அவருக்கே சிரிப்பு. பிள்ளைகள் பென்சிலில் வரைந்தார்கள். தோள் கோணினால் ரப்பரால் அழித்து நேராக்கினார்கள். தாளில் தன்னைப் பார்த்தால் கோயில் துவாரபாலகரே தோற்றுப்போவார் என்று அவருக்குப் பெருமை.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு கிண்ணம் மையும் தூரிகையும் கொடுத்தார் வாத்தியார். ஈரத் தாளில் மை வைத்தால் வைத்ததுதான், அழிக்க வழியில்லை. "உடம்போட பாரம் எங்க இறங்குதோ அங்க கறுப்பை வைங்க. மத்ததைத் தண்ணி பாத்துக்கும்" என்றார்.

ஜெயவேல் அன்று வேண்டுமென்றே விறைப்பாக நின்றார். இடைவேளையில், சுவரோரம் காய வைத்திருந்த பன்னிரண்டு தாள்களையும் பார்த்தார். ஒன்றிலும் முகமில்லை. பன்னிரண்டிலும் இடது பக்கம் கறுப்பு தேங்கி, அந்த ஆள் சரிந்துகொண்டிருந்தான்.

"இன்னாம்மா, நான் நேரா தானே நின்னேன்?" என்று மாணவி தாஹிராவைக் கேட்டார்.

அவள் தயங்கினாள். "நீங்க எப்பவுமே இப்டித்தான் நிப்பீங்கண்ணா. பென்சில்ல நாங்கதான் சரி பண்ணிக்கினு இருந்தோம்."

ஒருத்தர் சொன்னால் சண்டை போடலாம். பன்னிரண்டு பேரை என்ன செய்வது? தாஹிராவிடம் கேட்டு ஒரு தாளை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கோவிந்தம்மாவிடம் நீட்டி, "இது யாரு சொல்லு" என்றார்.

அவள் ஒரு தரம்தான் பார்த்தாள். "நீதான். வேற யாரு?"

"நாளன்னிக்கு போட்டு கெளம்புதே..."

"உனக்காவ காத்துகினு இருக்க வேணாம்னு போட்டு டிரைவராண்ட போன மாசமே சொல்ட்டேன். வேற ஆளு போட்டாச்சு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நேரா நிக்கணும்னு அவ்ளோ பாடுபட்டுகினு இருந்தியேய்யா. எப்டிச் சொல்லுவேன்?"

ஜெயவேல் தரையில் உட்கார்ந்து, தோளை அதன் போக்குக்கு விட்டுவிட்டார்.